வக்கிரம் இல்லை பெரியப்பா

பெரியப்பா: கதிர், காலையில் நீ போட்ட படம் பார்த்தேன். கோள் தலைகீழாகச் சுற்றுகிறதாம். வக்கிரம்தானே? சனிக்கு வருஷா வருஷம் வருகிறதே.

கதிர்: இல்லை பெரியப்பா. சனி வக்கிரம் நம் பார்வைக்கு மட்டும்தான், பஸ் முந்தும்போது பக்கத்து லாரி பின்னால் போகிற மாதிரி. நான் போட்ட படத்தில் இருக்கிற வாஸ்ப்-17பி வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றுகிற கோள், அது நிஜமாகவே தன் நட்சத்திரம் சுழலும் திசைக்கு எதிராக ஓடுகிறது. வலம் வராமல் இடம் வருகிறது 😄 இருப்பதும் விருச்சிகத்தில்தான்.

சித்தி: என் ராசியை ஏன்டா இழுக்கிறாய்

மாமா: 1,300 ஒளியாண்டு தூரம் என்று போட்டிருக்கிறது. அந்த நட்சத்திரமே வெறும் புள்ளி, அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று யார் பார்த்தது?

கதிர்: அங்கேதான் மாமா சூட்சுமம். நட்சத்திரம் சுழலும்போது ஒரு பாதி நம்மை நோக்கி வரும், அந்த ஒளி துளி நீலமாகும், விலகிப் போகிற பாதி துளி சிவப்பாகும், புள்ளி என்பதால் இரண்டும் கலந்துதான் கிடைக்கும். கோள் குறுக்கே போகும்போது முதலில் நீலப் பாதியை மறைத்தால் மிச்ச ஒளி சிவப்புப் பக்கம் நகரும், அப்புறம் நீலப் பக்கம். ஒழுங்காகச் சுற்றுகிற கோளுக்கு இதுதான் வரிசை. இதற்கு வரிசை மாறிவிட்டது.

மாமா: கண்ணுக்குத் தெரியுமா?

கதிர்: ம்ஹூம். ஒளியைப் பிரித்து அதிலுள்ள கறுப்புக் கோடுகள் எவ்வளவு நகர்கின்றன என்று அளக்க வேண்டும். இதை சிலியில் லா சில்லா மலையில் அளந்தார்கள். உத்தி பழசு, ராசிட்டர், மக்லாக்லின் என்ற வானியலாளர்கள் 1924லேயே இரட்டை நட்சத்திரங்களில் காட்டிவிட்டார்கள்.

பெரியப்பா: சரி, நட்சத்திரம் சுழல்வதற்கும் கோள் ஓடுகிற பாதைக்கும் சாய்வு எவ்வளவு?

கதிர்: சுமார் 148 பாகை. நம் பூமியின் பாதைக்கும் சூரியனின் நடுக்கோட்டுக்கும் 7 பாகைதான். ஆனால் ஒன்று, அந்த 148 வானத்தில் தட்டையாக விழுகிற கோணம். நட்சத்திரத்தின் அச்சு நம் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது இதில் வராது.

மாமா: ஏன் அப்படித் திரும்பிக்கொண்டதாம்?

கதிர்: தூரத்தில் கனமான ஏதோ ஒன்று மெல்ல மெல்ல இழுத்துச் சாய்த்திருக்கலாம், இல்லை கோள்களே ஒன்றையொன்று தள்ளிவிட்டிருக்கலாம். அடித்துச் சொல்ல முடியாது.

சித்தி: ஒரு சுற்றுக்கு 3.7 நாள்தானா? மாதத்துக்கு எட்டு பிறந்தநாள் வருமே, கேக் செலவு யார் கொடுப்பது

மாமா: ராத்திரி மொட்டைமாடிக்கு வரட்டுமா, காட்டுவாயா?

கதிர்: அந்த நட்சத்திரம் வெறும் கண்ணுக்குத் தெரியாது மாமா. தெற்கே தேளின் கொக்கியை வேண்டுமானால் காட்டுகிறேன், வரும்போது டார்ச் எடுத்துவாருங்கள், படியில் பல்பு போய்விட்டது.