16 எம்எம் சுழல்படக் காட்சி: பின்னோக்கிச் சுற்றும் சக்கரம், போனில் விழும் பட்டைகள்

ஆரக்கால்:
கலைக்கூடம் ஒன்றில் 16 எம்எம் படம் ஓடுகிறது. நீராவி இயந்திரம், கடிகாரப் பற்சக்கரங்கள், அவ்வளவுதான், வசனமே இல்லை. புரொஜெக்டரும் அதே அறையில். '11 நிமிடம், தொடர்சுழல்' என்று சுவரில் குறிப்பு. நடுவில் நுழைந்தால் தொடக்கம் வரும்வரை வெளியே நிற்க வேண்டுமா? எட்டு ஆரக்கால் உள்ள பெரிய சக்கரம் ஒரு கட்டத்தில் நின்று, பிறகு பின்னோக்கிச் சுற்றுகிறது. ஓட்டுவதில் கோளாறா, எடுத்தவர் வேலையா? போனில் பிடித்தால் ஏன் பட்டை பட்டையாக விழுகிறது?

கிராங்க்:
சக்கரத்துக்கு மட்டும் பதில். கோளாறு இல்லை, நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்பதன் கணக்கு அது. எட்டு ஆரச் சக்கரம் நிமிடத்துக்கு 180 சுற்று (நொடிக்கு 3) ஓடினால், ஒரு ஆரம் இருந்த இடத்தில் அடுத்த ஃபிரேமில் அதன் பின்னால் வரும் ஆரம் வந்து நிற்கும். எல்லா ஆரமும் ஒரே சாயல் என்பதால் சக்கரம் நின்றதாகவே தெரியும். வேகம் 175-க்கு இறங்கினால் ஆரம் கொஞ்சம் பின்தங்கி விழும். மெல்லப் பின்னோக்கிப் போகும். 185 என்றால் மெல்ல முன்னோக்கி. 90-இல் 16 ஆரம் இருப்பதுபோல் நடுங்கும்.

நீங்கள் சொல்லும் வரிசை முக்கியம். முதலில் நின்று, பிறகு பின்னோக்கி என்றால் இயந்திரம் 180-ஐத் தாண்டி வேகம் குறைந்துகொண்டிருக்கிறது. வேகம் ஏறும் காட்சியாக இருந்தால் முதலில் பின்னோக்கி ஓடி, பிறகுதான் நிற்கும்.

அடுத்த சுற்றில் ஆரத்தை விட்டு கிராங்க்கை (சக்கரத்தைச் சுற்றவைக்கும் வளைகைப்பிடி) பாருங்கள். அது ஒன்றே ஒன்று, ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம் கிடைக்கும். அதனால் சரியான திசையிலேயே ஓடும். நின்ற சக்கரத்தில் கிராங்க் மட்டும் சுற்றுவதைப் பார்க்கத்தான் அங்கே போக வேண்டும் என்பேன்.

ரீல்பெட்டி:
வெளியே நிற்க வேண்டாம். 16 எம்எம்மில் ஒரு அடிக்கு 40 ஃபிரேம், நிமிடத்துக்கு 36 அடி. 11 நிமிடம் என்றால் 396 அடி, ஏறக்குறைய 120 மீட்டர். கடைசி முனையை முதல் முனையோடு ஒட்டி உருளைகளில் சுற்ற விட்டிருப்பார்கள். அந்த ஒட்டு, புரொஜெக்டரில் ஒளி ஃபிலிமை ஊடுருவும் 'கேட்' என்ற இடத்தைக் கடக்கும்போது பெரும்பாலும் 'டக்' என்று ஒரு சத்தம், படத்தில் சின்னத் துள்ளல். தொடக்கத்தைத் தேடுபவர்களுக்கு அதுதான் அடையாளம். ஒரு சுற்று திரையையும், மறு சுற்று இயந்திரத்தையும் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது கொடுங்கள்.

படம் மேலும் கீழும் இழுபட்டு நடுங்கினால் 'கேட்'டுக்குக் கீழே ஃபிலிம் தளர்வாகத் தொங்க விட்டிருக்கும் வளைவு போயிருக்கும். ஃபிலிமின் ஓரத் துளை கிழிந்தாலோ ஒட்டு தடித்தாலோ இப்படி ஆகும். உடனே காவலரிடம் சொல்லுங்கள், ஓட ஓடக் கிழிசல் நீளும். நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

ஷட்டர்:
போன் விஷயம்: புரொஜெக்டரில் ஒளியை மறைத்துத் திறக்கும் ஷட்டருக்கு இரண்டு அல்லது மூன்று இதழ்; ஒரே ஃபிரேமை அது அத்தனை முறை காட்டும்; நொடிக்கு 48 அல்லது 72 மின்னல். போன் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் இருட்டு பட்டையாகப் பதிகிறது. போனின் மேனுவல் மோடில் 24 ஃபிரேம், ஷட்டர் 1/24 நொடி வையுங்கள். 1/48 வைத்தால் இரண்டு இதழ் ஷட்டருக்குச் சரி, மூன்று இதழுக்குப் பட்டை மறுபடி வரும். மோட்டார் துல்லியமாக 24-இல் ஓடாவிட்டால் லேசான ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். படமெடுக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

ஆரக்கால்:
நன்றி. படம் வண்ணம், நெடுக ஒரு பச்சைக் கோடு ஓடுகிறது. அது எடுத்தவர் போட்டதா?

ரீல்பெட்டி:
அநேகமாகக் கீறல். வண்ணப் பிரிண்டில் மேல் சாய அடுக்கு மெஜந்தா (கருஞ்சிவப்பு). அது மட்டும் சுரண்டப்பட்டால் மிச்சமுள்ள சயானும் (நீலப்பச்சை) மஞ்சளும் சேர்ந்து பச்சை. அதற்கடுத்த சயானும் போனால் மஞ்சள், எல்லாம் போனால் வெள்ளை. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் இந்தப் படம் 43 முறை ஓடும், ஏதோ ஓர் உருளையில் ஒட்டிய துகள் போதும். புதுப் பிரிண்ட் எப்போது மாட்டுவார்கள் என்று கேட்டுவிட்டு மறுபடி போங்கள்.