புதுப்பிப்பு: வாரண்டி முடிந்த காருக்கு ஷோரூமா, வெளி மெக்கானிக்கா?

முந்தைய இழையில் 'ஆயில், பிரேக், சஸ்பென்ஷனுக்கு வெளி மெக்கானிக் போதும்' என்று எழுதியிருந்தேன். பிரேக் பற்றி விளக்கம் கேட்டவர்களுக்காக இது.

கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் காலிபர் (பிரேக் பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் ஸ்லைடு பின் சீக்கிரம் இறுகும். இறுகினால் உள்பக்க பேட் மட்டும் தேயும். வெளிப்பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். பேடை மட்டும் மாற்றினால் அதே கதைதான். பின்னைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிகான் பிரேக் கிரீஸ் தடவ வேண்டும். சாதா கிரீஸ் பட்டால் பின்னை மூடும் ரப்பர் உறை (பூட்) உப்பி, ஸ்லைடு பின் மறுபடி இறுகும். இந்தப் பொறுமை வெளி மெக்கானிக்கிடம்தான் அதிகம் கிடைக்கும் (நின்று பார்க்கவும் விடுவார்). பேடை பார்ட் நம்பர் சொல்லி நீங்களே வாங்கிக் கொடுங்கள். கழற்றிய பழைய பேட்களை அருகருகே வைத்துப் பாருங்கள், தேய்மானம் சொல்லிவிடும்.

ஏர்பேக், சாவி கோடிங் ஷோரூமுக்கே. ரீகால் (தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே காரைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வேலையும் அங்கேதான், பொதுவாக இலவசம். உங்கள் காருக்கு ரீகால் உண்டா என்று சேசிஸ் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள். எஸ்டிமேட்டில் 'இன்ஜின் ஃபிளஷ்' (இன்ஜினின் உள்பக்கத்தைக் கழுவும் வேலை) இருந்து, மேனுவல் அட்டவணையில் இல்லையென்றால், அந்த வரியை நீக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.