பவானி ஜமக்காளம்: புவிசார் குறியீடு இருந்தும் போலி பெருகுவது ஏன்?

கேள்வி: கூடுதுறையான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குலதெய்வக் கோயில் மண்டபத்திற்கு ஜமக்காளம் வாங்கித் தரும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்துள்ளது. பவானி பக்கத்திலேயே இருப்பதால் இது எளிய வேலை என்று பங்காளிகள் எண்ணுகிறார்கள். ஆனால் கடைகளில் விசாரித்தபோது, 'பவானி ஜமக்காளம்' என்ற ஒரே பெயரில் கைத்தறிச் சரக்கும் விசைத்தறிச் சரக்கும் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதையும், இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருப்பதையும் கண்டேன். 2005-06ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட 11 வகைத் துணிகளுள் ஜமக்காளமும் ஒன்று. இவ்வளவு இருந்தும் போலி எப்படி இத்தனை தாராளமாக விற்கிறது? பிற நாடுகளில் இத்தகைய கைவினைப் பொருள்களை எவ்வாறு காப்பாற்றுகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், வரும் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

பதில் 1: நொய்யல்கரை

தாங்கள் கேட்டதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் ட்வீட் என்னும் கம்பளித் துணி. அதற்கென்றே 1993இல் பிரித்தானிய நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் வாழும் நெசவாளர்கள் தம் வீட்டிலேயே கையால் நெய்திருக்க வேண்டும். கம்பளி நூலும் அதே தீவுகளில் சாயமேற்றி நூற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அச்சட்டம் தரும் வரையறை. சட்டத்தைக் காட்டிலும் அதை நடைமுறைப்படுத்தும் விதமே கவனிக்கத்தக்கது. நெய்து முடிந்த துணியை அச்சட்டப்படி அமைந்த ஹாரிஸ் ட்வீட் ஆணையத்தின் ஆய்வாளர்கள் பார்த்த பிறகுதான் சிலுவை தாங்கிய உருண்டை முத்திரை அதன்மேல் பதிக்கப்படுகிறது. அந்த முத்திரையில்லாத துணியை அப்பெயரில் விற்க முடியாது. ஆணையத்துக்கு முன்பு, 1909இல் தொடங்கிய ஹாரிஸ் ட்வீட் சங்கத்தின் காலத்திலிருந்தே முத்திரைக்கு அங்கே மதிப்பு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தீவுகளில் நூல் நூற்பதும் சாயமேற்றுவதும் ஆலைகளில்தான் நடக்கின்றன. எல்லாமே கையால் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், தறி மட்டும் மனித உழைப்பில் ஓட வேண்டும் என்ற ஓரிடத்தில் கோடு கிழித்து, அந்தக் கோட்டை விடாமல் காவல் காக்கிறார்கள். நம் ஜமக்காளத்துக்கும் நூல் ஆலையிலிருந்துதான் வருகிறது. ஆகவே நாமும் தறியில்தான் கோடு கிழிக்க வேண்டும். நம்மிடம் பெயருக்குப் பதிவு இருக்கிறது. தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஜமக்காளத்தையும் பார்த்து முத்திரையிடும் ஆள் இல்லை.

பதில் 2: கோபி அம்மணி

பனாமா நாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். குணா பழங்குடிப் பெண்கள் பல வண்ணத் துணிகளை அடுக்கி, மேலடுக்கை வெட்டி மடித்துத் தைத்து, அடியிலுள்ள நிறத்தை வெளிப்படுத்தும் மோலா என்ற வேலைப்பாட்டில் தேர்ந்தவர்கள். 2000ஆம் ஆண்டின் 20ஆம் எண் சட்டம் இத்தகைய மரபு அறிவை அந்தச் சமூகத்தின் கூட்டு உரிமையாக ஏற்றது. தனி வணிகரோ தனி நெசவாளரோ அல்லாமல் மக்கள் கூட்டமே உரிமையாளர் என்பது இதிலுள்ள சிறப்பு. ஜப்பானும் 1974இல் மரபுக் கைவினைத் தொழில்களுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்து, தேறிய பொருள்களுக்குச் சான்று வில்லை ஒட்டுகிறது.

பதில் 3: பொங்கலூரான்

மேலே எழுதிய இருவரிடமும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முத்திரையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது பாதிப் பேச்சுதான். முன்பு கல்யாணப் பந்தி, சீர், எழவு வீடு, ஊர்க்கூட்டம் என அனைத்துக்கும் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். இன்று மண்டபம் முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுவிட்டு, மேடைக்கு முன்னால் ஒன்று விரிப்பதோடு சரி. தேவையே குறைந்த பிறகு போலியை ஒழித்தாலும் தறி எப்படி ஓடும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைத் துணியின் போட்டியைத் தாங்க முடியாத பவானி நெசவாளர்கள்தாமே, தடித்த வண்ண நூலை எடுத்து இந்த விரிப்பையே உருவாக்கினார்கள்! காலத்துக்கேற்ப மாறிப் பிறந்த பொருள் இன்னொரு முறை மாறுவதில் தவறில்லை.

நம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மியைப் பாருங்கள். ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களையும் பழக்கியவர் கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பன். அவருக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருது வருவதற்கு முன்பே ஆடுவோர் தொகை பெருகிவிட்டது. எந்தச் சட்டமும் அதைக் காக்கவில்லை.

பதில் 4: நொய்யல்கரை

ஆட்டத்தையும் சரக்கையும் ஒரே தராசில் வைக்க இயலாது, ஐயா. கும்மியை நகலெடுத்து ஆடினால் கும்மி வளரும். ஜமக்காளத்தை விசைத்தறியில் நகலெடுத்தால் நெசவாளரின் கூலி போகும். தேவை குறைந்துவிட்டது என்பதை மட்டும் மறுக்க மாட்டேன்.

பதில் 5: குழித்தறி

நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், கேட்டவருக்கு நேரடியாக உதவும் செய்திகளை மட்டும் எழுதுகிறேன். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் வெளியே தெரியாதபடி, குறுக்கே ஓடும் ஊடை நூலை நெருக்கி அடிப்பதுதான் ஜமக்காளத்தின் நெசவு. அதனால்தான் நல்ல ஜமக்காளம் கனமாகவும், விரித்தால் சுருளாமலும் கிடக்கும். துருக்கியின் கிலிம் விரிப்பும் இந்த முறையில்தான் நெய்யப்படுகிறது, அங்கே பெரும்பாலும் கம்பளி. மண்டபத்துக்கான அகலமான விரிப்பென்றால் குழித்தறியின் (நெசவாளர் குழிக்குள் கால் வைத்து உட்காரும் தறி) இரு பக்கமும் இருவர் உட்கார்ந்து, ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடாவை மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். விலை வேறுபாட்டுக்கு முதற்காரணம் இந்த இரண்டாவது ஆளின் கூலி. ஓரங்களில் சிறு துளைகள் இருந்தால் கைத்தறி என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், விசைத்தறியிலும் அத்தகைய தடம் விழும்.

கடையில் அடுக்கிலிருந்து எடுக்காமல், பவானியிலுள்ள கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முன்கூட்டியே சொல்லி நெய்து வாங்குங்கள். 2006இல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை வில்லை ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும் என்றும், ரசீதில் 'கைத்தறி' என்று எழுதித் தர வேண்டும் என்றும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முடிந்தால் பங்காளிகள் இரண்டு பேரை அழைத்துச் சென்று தறியைக் காட்டிவிடுங்கள். அதன்பிறகு கூட்டத்தில் விலையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிராது. கோயில் பெயரைப் பெயின்டால் எழுதாமல் ஓரத்தில் நெய்தே தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதால், நோம்பிக்கு வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.