கஜா அடித்து எத்தனை நாளில் உங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது?

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். புயல், வெள்ளத்துக்குப் பிறகு ஓர் ஊர் எவ்வளவு சீக்கிரம் மீண்டெழுகிறது, அதை எப்படி அளப்பது என்பதுதான் என் முதுகலை ஆய்வு.

அளக்க ஏற்கெனவே வழி இருக்கிறது. ராக்பெல்லர் அறக்கட்டளை ஆதரவில் அரூப் என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனம் உருவாக்கிய, நகரங்களின் மீண்டெழும் திறனை அளக்கும் குறியீட்டில் 52 அளவுகோல்கள்! சென்னைக்குச் சரி. நம் ஊர்களுக்கு அத்தனைக்கும் தரவு திரட்டுவதற்குள் என் படிப்பே முடிந்துவிடும்.

அதனால் இரண்டே கேள்விகள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபின் உங்கள் தெருவில் கரண்ட் எப்போது வந்தது? குழாயில் தண்ணீர் எப்போது வந்தது? தேதி நினைவில்லையா? நவம்பர் 23 கார்த்திகை தீபத்துக்கு முன்பா பின்பா என்று சொன்னாலும் போதும்.

எங்கள் தெருவில் மேல்நிலைத் தொட்டி இருந்தும் மோட்டார் ஓடவில்லை. பக்கத்துத் தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, வாடகை ஜெனரேட்டரில் தண்ணீர் ஏற்றிவிட்டார்கள். அடிபம்பு இருந்த தெருவுக்கு அந்தக் கவலையே இல்லை. இதையெல்லாம் எந்த அளவுகோலில் சேர்ப்பது என்பதுதான் என் குழப்பம். இத்துறையில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம்காரர்கள் அவசியம் எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் வார்டு எண்ணும் போதும். அப்புறம், அப்போது எழுதிவைத்த டைரி யாரிடமாவது இருந்தால் நேரில் வந்தே பார்த்துக்கொள்கிறேன்.