ரோட்டரி இன்ஜின்: சூடானால் ஆயில் பிரஷர் இறங்குகிறது

கேள்வி (தண்டையார்பேட்டை)
எங்கள் அண்ணனுடைய இரண்டாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7. அதன் 13பி ரோட்டரி இன்ஜினை (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை) பிரித்து, சீல் எல்லாம் புதிதாகப் போட்டுக் கட்டியாயிற்று. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் முள் ஜோராக நிற்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றாலே ஐடிலில் இறங்கிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. 20டபிள்யூ-50 ஆயில்தான். அண்ணனுக்கு இந்த வண்டி என்றால் உயிர். மறுபடி இன்ஜினை இறக்க மனசே வரவில்லை. எங்கே பார்ப்பது?

பதில் (ராயபுரம்)
தம்பி, டேஷ்போர்டு மீட்டரை நம்பாதே. மெக்கானிக்கல் கேஜ் மாட்டு. சூடான பிறகு 3000 ஆர்பிஎம்மில் 64 முதல் 78 பிஎஸ்ஐ வர வேண்டும். வந்தால் இன்ஜினைத் தொடாதே.

பதில் (வியாசர்பாடி)
வராவிட்டால், எனக்கு முதல் சந்தேகம் இன்ஜின் முன்பக்க கவருக்குள் இருக்கும் ஓ-ரிங் (ஆயில் வழியை அடைக்கும் ரப்பர் வளையம்). அது நசுங்கினால் ஆயில் உள்ளேயே சம்ப்புக்கு (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) திரும்பிவிடும், வெளியே தெரியாது. அடுத்தது, ரோட்டர்கள் சுழற்றும் மெயின் ஷாஃப்ட்டின் முன் முனையில் இருக்கும் தெர்மல் பெல்லட். சூட்டில் விரிந்து, ஆயில் வெளியேறும் வழியை அடைக்க வேண்டியது அது. அடைக்காவிட்டால் பிரஷரும் போகும், ரோட்டரைக் குளிர்விக்கும் ஆயிலும் குறையும். அதனால் அதை அலட்சியமாக விடவே கூடாது. இன்ஜினை இறக்காமலே மாற்றலாம். ஷாஃப்ட்டின் முன் போல்ட்டைக் கழற்றும்போது ஒருவர் கிளட்சை மிதித்தபடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே த்ரஸ்ட் பேரிங் நழுவி, இறுக்கும்போது நசுங்கும். பெல்லட்டுக்குப் பதில் கெட்டியான பிளக் போடுவதே என் வழக்கம்.

கேட்டவர்
சரிண்ணே, முதலில் கேஜ். அப்புறம் பெல்லட்.