பழைய பிக்கப்பை இழுத்தோ ஏற்றியோ வீடு சேர்த்தவர்களின் அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

தோப்பூர் இறக்கம்:
தருமபுரிக்கு அருகே ஒரு மாந்தோப்பில் பல ஆண்டுகளாக நின்றிருந்த டாடா 207-ஐ, எஞ்சின் ஓடாத நிலையிலேயே வாங்கி, நண்பரின் பொலேரோவுக்குப் பின்னால் டோ பார் (இரண்டு வண்டிகளையும் இணைக்கும் இரும்புத் தண்டு) மாட்டிச் சேலத்துக்குக் கொண்டு வந்தோம். விலை பேசியதையும் டயர் தேடியதையும் வேறொரு நாள் எழுதுகிறேன். எனக்கு இன்றும் உறுத்துவது தோப்பூர் கணவாய்தான். இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் நான் அமர்ந்திருந்தேன். இறக்கம் தொடங்கியதும், அதுவரை அடக்கமாக வந்த வண்டி முன்னால் போகும் வண்டியைத் தள்ள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன், கல்லை மிதித்தது போல இருந்தது. எஞ்சின் சுழலாவிட்டால் வேக்குவம் (வெற்றிடம்) இல்லை, வேக்குவம் இல்லாவிட்டால் பிரேக் மிதியின் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் உதவாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் இரண்டு கால்களாலும் பெடலின் மேல் எழுந்து நின்றேன். பொலேரோவின் பின்பக்கம் மெல்ல இடதுபுறம் ஒதுங்கி, மறுபடி நேரானது. அதன் கண்ணாடியில் தெரிந்த நண்பரின் கண்கள் சாலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அடிவாரத்தில் ஓரங்கட்டிப் பார்த்தபோது, டோ பாரைப் பிடித்திருக்கும் ஆணிக்குக் கிளிப் இல்லாமல் நாங்கள் முறுக்கியிருந்த கட்டுக்கம்பி அறுந்து, அந்த ஆணி முக்கால்வாசி மேலேறி நின்றது. இரண்டு விரல்களால் தொட்டேன்; கையோடு வந்துவிட்டது.

கறுப்பு ஆயில்:
மேலே எழுதியவர் பிரேக்கைப் பற்றி மட்டுமே சொல்கிறார், கியர்பாக்ஸ் பிழைத்ததா? பழனியிலிருந்து திருப்பூருக்கு ஒரு பழைய மகிந்திரா பிக்கப்பை நியூட்ரலில் போட்டு இழுத்து வந்தேன். தாராபுரம் தாண்டியதும் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, தார்ச்சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழுந்தன. என் கதை அவ்வளவுதான்.

நியூட்ரலில் போட்டால் போதும் என்று நம்புகிறவர்களுக்காக மீதியையும் எழுதுகிறேன். பின்சக்கரங்களுக்கு விசை போகும் வண்டியை நான்கு சக்கரமும் தரையில் பட இழுத்தால், சக்கரம் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் நீண்ட தண்டு), அது கியர்பாக்ஸின் மேல் தண்டான மெயின் ஷாஃப்டையும் சுழற்றும். அடியில் கிடக்கும் ஆயிலை வாரியடிக்கும் கீழ்த் தண்டான லே ஷாஃப்டோ எஞ்சின் பக்கமிருந்து சுழல வேண்டியது; எஞ்சின் நின்றிருந்தால் அது அசையாது, மேலே உள்ளது காய்ந்தே ஓடும். ஆகவே புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். கழற்றும் முன், போல்ட்டால் இணைந்திருக்கும் இரு ஃபிளாஞ்சுகளின் (வட்டத் தகடுகளின்) மேலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தால், திரும்ப மாட்டும்போது பழைய நிலையிலேயே உட்காரும். ஸ்டியரிங் பூட்டு விழாதபடி சாவி அதன் இடத்திலேயே இருக்கட்டும். 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குவிதிகளில், இழுத்துச் செல்லும்போது வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பின்னால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' (இழுத்துச் செல்லப்படுகிறது) என்று எழுதியிருக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. 2017-இல் புதிய விதிகள் வந்துவிட்டன என்றாலும், அந்த வேகத்தில் இருந்த நியாயம் போய்விடவில்லை. இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்கள், பழுதான வண்டியைத் தன் மேல் சுமந்து செல்லும் ரெக்கவரி வண்டியில் ஏற்றிவிடுவது நல்லது.

பட்டறை வாசல்:
ரெக்கவரி வண்டியில் ஏற்றினால் நிம்மதி என்று சொல்லும் நண்பர், ஏற்றிய பின் அதன் பின்னாலேயே காரில் போய்ப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஓசூரிலிருந்து ஈரோட்டுக்கு நான் அப்படிப் போனேன். ஏற்றியவர் பெல்ட்டைப் பிக்கப்பின் சேஸில் (அடிச்சட்டத்தில்) மாட்டி இறுக்கியிருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டை ஸ்பிரிங் அமுங்க, பெல்ட் தளர, மேலே இருந்த பிக்கப் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே வந்தது. பவானிக்கு முன்னால் கவனித்தேன்: இடப்பக்கப் பின்டயர் ரெக்கவரி வண்டியின் தளத்துக்கு வெளியே ஒரு கை அகலம் தெரிந்தது. நிறுத்திச் சொன்னால், "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். சக்கரங்களையே சுற்றி மறுபடி கட்டச் சொல்லி, கட்டி முடிக்கும் வரை நான் அங்கிருந்து அசையவில்லை. ஷாஃப்டைக் கழற்றும் யோசனையை மட்டும் நான் மறுக்கவில்லை.

புளியமர நிழல்:
உங்கள் எல்லோருக்கும் இயந்திரத்தால் வந்த வினை. எனக்குக் குளவியால் வந்தது. மரத்தடியில் கிடந்த வண்டியின் டேஷ்போர்டுக்குள் கூடு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இழுக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடம், அதிர்வில் அவை ஸ்பீடாமீட்டர் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பேட்டரி இல்லாததால் ஹாரன் இல்லை. ஸ்டியரிங்கை விட்டுக் கைபேசியை எடுக்கவும் வழியில்லை. முன்னால் டிராக்டர் ஓட்டிய என் மாமாவுக்கு நான் கத்தியது கேட்கவே இல்லை. அவர் வெற்றிலை துப்புவதற்காகத் திரும்பும் வரை ஏழு கொட்டு வாங்கினேன். யார் என்ன முறையில் இழுத்தாலும் முன்வண்டிக்குச் சைகை காட்ட ஒரு வழி செய்துகொள்ளுங்கள்; நான் இப்போது கழுத்தில் விசில் மாட்டிக்கொள்கிறேன்.

தோப்பூர் இறக்கம்:
கறுப்பு ஆயில் அவர்களுக்கு: கியர்பாக்ஸ் பிழைத்தது, புறப்படும் முன்பே ஷாஃப்டைக் கழற்றி வண்டியின் பின்தொட்டியில் போட்டிருந்தோம். 'ஆன் டோ' பலகையும் வைத்தோம், சாக்பீஸில் எழுதியதால் வழியில் பெய்த தூறலில் அழிந்துவிட்டது. வேகத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் என் ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்திருந்தது. அன்று இரவே நண்பரிடம் கேட்டேன். தன் வண்டியின் ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் பேச்சை மாற்றிவிட்டார்.