உதட்டில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொப்புளம்: காரணம் என்ன?

கேள்வி: காய்ச்சல் வந்துபோனாலே உதட்டோரம், அதே இடத்தில் கொத்தாகக் கொப்புளம். உடம்புச் சூடுதானா?

பதில் 1: சூடு இல்லை, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். முதல் தொற்றுக்குப் பிறகு முகத்து நரம்பின் முடிச்சில் போய்ப் பதுங்கிவிடும். காய்ச்சல், கடும் வெயில், தூக்கக்கேடு, மாதவிலக்கு என ஏதாவது தட்டியெழுப்பினால் அதே நரம்பு வழியே இறங்கும். அதனால்தான் இடம் மாறுவதில்லை.

பதில் 2: சுருக்கென்று குத்தல் தொடங்கும்போதே 5 சதவீத அசைக்ளோவிர் களிம்பு, நாளுக்கு 5 முறை. கொப்புளம் உடைந்தபின் பூசிப் பெரிய பயனில்லை. படர்தாமரைக்கு வாங்கி வைத்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவாதீர்கள், பரவும். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்!

பதில் 3: வெயிலால் வருகிறதென்றால் எஸ்பிஎஃப் 30 உதட்டு பாம் போடுங்கள். பொருக்கு உதிரும்வரை கைக்குழந்தைக்கு முத்தம் கூடாது. கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவர்.